கவர்னர் மரத்துப் பட்டை

சிக்கரெங் மலைத் தோட்டத்தில் செத்துப்போன செடிக்கு மன்னிப்பு உண்டு, பெயர்ப்பலகை இல்லாத செடிக்குக் கிடையாது. செடியைப் பிடுங்கி எறிந்த பிறகும் அதன் பலகை அங்கேயே நிற்கும். விருந்தாளிகள் வந்தால் தோட்டத்துத் தலைவரான டெ ரோய் துரை வெறும் மண்ணைக் காட்டி, இது பெரு நாட்டிலிருந்து வந்த அபூர்வம் என்று விளக்குவார். அவர்களும் தொப்பியைத் தூக்கி மண்ணைப் பாராட்டிவிட்டுப் போவார்கள். பலகை இல்லாமல் ஒரு செடி உயிரோடு நின்றால்தான் ஆபத்து. அதைப் பிடுங்குவதற்கென்றே கூலி கொடுத்து ஆள் வைத்திருந்தார்கள்.

வங்சாவுக்கு அந்த வேலை இல்லை. அவன் கண்ணாடிப் பெட்டிக்காரன். கடல் தாண்டிப் போகிற செடிகளைக் கண்ணாடிக் கூரை போட்ட மரப்பெட்டியில் மண்ணோடு நட்டு, காற்றுப் புகாமல் லப்பம் வைத்து அடைப்பான். பெட்டி கப்பலின் மேல்தளத்தில் மாதக்கணக்கில் வெயிலில் காய்ந்தபடி போகும். போய்ச் சேரும்போது உள்ளே செடி இருக்கும், அல்லது செடி இருந்ததற்கான அடையாளம் இருக்கும்.

தோட்டங்களுக்குள் செடி மாற்றிக்கொள்வது, பெருநாளன்று வீடு வீடாகப் பலகாரத் தட்டு மாற்றிக்கொள்வது மாதிரி. வந்த தட்டை வெறுமனே திருப்பக் கூடாது. கடலுக்கு அந்தப் பக்கம் ஆங்கிலேயர்களுக்கு ஒரு தோட்டம் இருந்தது. அங்கிருந்து பெட்டி வரும். திறந்தால் பத்துக் குச்சியும் ஒரு பல்லியும் இருக்கும். பல்லி மட்டும் உயிரோடு இருக்கும். எல்லாச் செடிகளும் செழிப்பாக வந்து சேர்ந்தன என்று துரை உடனே நன்றி எழுதுவார். இங்கிருந்து போன குச்சிகளுக்கும் அங்கிருந்து அதே வாசகத்தில் நன்றி வரும். எத்தனை செடி அனுப்பினோம் என்பதுதான் ஆண்டறிக்கையில் ஏறும். எத்தனை பிழைத்தது என்று கேட்பது நாகரிகம் இல்லை. இப்படியே வருஷக்கணக்காக இரண்டு தோட்டமும் குச்சிகளைப் பரிமாறிக்கொண்டு மிக நெருங்கிய நட்பில் இருந்தன.

ஒரே ஒரு தடவை அந்த நட்புக்குப் பங்கம் வந்தது. ஒரு பெட்டியில் எட்டுச் செடிகள் உயிரோடு வந்துவிட்டன.

"உசுரோட அனுப்பியிருக்கான் பாரு!" என்று துரை கொதித்தார். "எங்க நடுறது இதை? யாரு தண்ணி ஊத்துறது?"

கங்காணி கர்த்தாவி பெட்டிக்குள் எட்டிப் பார்த்தான். ஒல்லியான தண்டு, சின்ன இலை, பார்க்க லட்சணமே இல்லை. "ஏதோ காய்ச்சல் மரத்துல ஒரு வகைன்னு சொல்லி விட்டிருக்காங்களாம் துரை. இன்னும் பேரு வைக்கலையாம். காய்ச்சலுக்குக் கேட்டா நல்லதுதானே?"

"நல்ல மரமா இருந்தா எவனாவது குடுப்பானா கர்த்தாவி? நான் குடுப்பேனா? குடுத்துட்டான்னாலே அது குப்பைதான். எருக்குழிக்குப் பின்னால நட்டு வை. அடுத்த தடவ தட்டைத் திருப்பும்போது யாருக்காவது தள்ளி விட்டுடலாம்."

எருக்குழிப் பக்கம் நாற்றத்துக்குப் பயந்து களை பிடுங்குகிறவன்கூடப் போகமாட்டான். அதனால் அந்த எட்டும் பலகை இல்லாமலே பிழைத்துக் கிடந்தன.

காய்ச்சல் மரம் துரையிடம் சொந்தமாகவே இருந்தது. ஒன்றல்ல, பத்து லட்சத்துக்கு மேல். அதைப் பெருவிலிருந்து கொண்டுவரப் பணம் ஒதுக்கியவர் கவர்னர் வான் துல்கன். ஆகவே அதற்கு அவர் பெயர் வைத்திருந்தார்கள். லத்தீன் பெயர் வாயில் நுழையாத கூலிக்காரர்கள் சுருக்கமாகக் கவர்னர் மரம் என்றார்கள். நன்றாக வளர்ந்தது. அகலமான இலை, அடர்ந்த நிழல், தடித்த பட்டை. வங்சாவின் மாமனார் மேட்டுநெல் விதைத்த சரிவு உட்பட நாலு கிராமத்து நிலம் அதன் நிழலுக்குள் போய்விட்டது. பட்டையில் காய்ச்சலுக்கு மருந்து இருக்கிறதா என்று மட்டும் யாரும் பார்க்கவில்லை. கவர்னர் பெயரை வைத்த பிறகு சோதித்துப் பார்ப்பது மரியாதையாக இருக்காதல்லவா?

அந்த வருஷம் வங்சாவின் மனைவி சவுதாவுக்கு முறைக்காய்ச்சல் பிடித்தது. ஒரு நாள் விட்டு ஒரு நாள், உச்சிப்பொழுது தொழுகை அழைப்புக்குச் சற்று முன்னால் பல் கிட்டும். வீட்டிலிருக்கிற துணியெல்லாம் போர்த்தினாலும் நடுக்கம் நிற்காது. பிறகு அனலாகக் கொதிக்கும், பிறகு வியர்த்துக் கொட்டும். மறுநாள் எழுந்து நெல் குத்துவாள். இதே காய்ச்சல் பக்கத்து வீட்டில் இரண்டு பேரைக் கொண்டுபோயிருந்தது. அவளும் போய்விடுவாள் என்ற பயம் வங்சாவின் நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது.

"பத்து லட்சம் மரம் நட்டிருக்கீங்க" என்றாள் சவுதா, கருவாடும் சம்பலும் தொட்ட சோற்றைத் தள்ளி வைத்துவிட்டு. "எனக்கு ஒரு விரக்கடை பட்டை கேட்டு வாங்க வக்கில்லையா?"

"அது கவர்னர் மரம் புள்ள."

"கவர்னருக்கா காய்ச்சல்? எனக்குத்தானே?"

மறுநாள் வங்சா துரையிடம் போய் நின்றான்.

துரை அன்று நல்ல மனநிலையில் இருந்தார். "வங்சா, இந்த மரமெல்லாம் யாருக்கு? உனக்கு. உன் ஜனங்களுக்கு. உங்க காய்ச்சலைப் பொறுக்க மாட்டாம கடல் தாண்டி, பனி தாண்டி, ரெண்டு பேரைச் சாகக் குடுத்து இதைக் கொண்டு வந்தோம். உங்களுக்கானதுங்கறதாலதான் உங்களைத் தொட விடாம பத்திரமா வச்சிருக்கோம்."

"ரொம்ப நன்றி துரை. கொஞ்சம் பட்டை..."

துரை யோசித்தார். வருஷம் முடியப் போகிறது. குணமான ஆள் ஒருவரைக் காட்டினால் அறிக்கை களைகட்டும். "சரி. உன் பொண்டாட்டியைக் கூட்டிட்டு வா. என் கண்ணு முன்னால குடிக்கட்டும்."

சவுதா குடித்தாள். தினமும் ஒரு சொம்பு வீதம், துரையின் வராந்தாவில் நின்று குடித்தாள். வாழை மட்டையைக் கழுவின தண்ணி மாதிரி இருக்கு என்று வங்சாவின் காதில் மட்டும் சொன்னாள். காய்ச்சல் ஒரு முறைகூடத் தவறாமல் வந்தது. வராந்தாவிலேயே ஒரு நாள் வந்தது. துரையின் பிரம்பு நாற்காலி அவளோடு சேர்ந்து ஆடியது.

துரை நெடுநேரம் அவளைச் சுற்றி நடந்தார். "மரம் சரி. பட்டை சரி. கஷாயம் என் முன்னால காய்ச்சினது. அப்ப தப்பு எங்க இருக்கு?"

"எங்க துரை?" என்றான் வங்சா, மெய்யாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டு.

"காய்ச்சல்ல. இது சாதாரணக் காய்ச்சலே இல்ல. சாதாரணமா இருந்தா இந்நேரம் போயிருக்கணும். இது இதுவரைக்கும் எவனும் கண்டுபிடிக்காத புது இனம்!" சொல்லும்போதே அவர் முகம் மலர்ந்தது. தோல்வி என்று நினைத்து உட்கார்ந்தவர் கண்டுபிடிப்பாளராக எழுந்தார். அந்தக் காய்ச்சலுக்கு அவர் பெயரே வைக்கப்பட்டது. மறுநாள் காலை கர்த்தாவி சுத்தியலோடு வந்து வங்சாவின் மூங்கில் வீட்டு வாசலில் ஒரு பலகை அடித்தான். மேலே லத்தீன், நடுவில் துரையின் பெயர், கீழே தொடக் கூடாது என்ற எச்சரிக்கை.

கிராமத்து வைத்தியர் வேப்பிலை மாதிரி ஏதோ தழையைக் கட்டி எடுத்து வந்தபோது கர்த்தாவி அவரை வாசலிலேயே மறித்தான். "உள்ள போகாதீங்க பெரியவரே. தோட்டத்துச் சொத்து. உலகத்துலயே ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. நீங்க பாட்டுக்குக் கொணப்படுத்தித் தொலைச்சிட்டா வேற எங்க போய்த் தேடுறது?"

"ஆளு செத்துட்டா?" என்றார் வைத்தியர்.

"செத்தாலும் பலகை நிக்கும். எங்க தோட்டத்துல அதான் வழக்கம்."

செய்தி கடல் தாண்டிப் போயிற்று. ஆங்கிலேயர் தோட்டத்துக்காரர்கள் புது இனம் என்றதும் தட்டை நீட்டினார்கள். அந்தக் காய்ச்சலில் ஒன்று வேண்டும், பதிலுக்கு இருபது ஆர்க்கிட் தருகிறோம் என்றார்கள். டெ ரோய் துரைக்கு ஆர்க்கிட் என்றால் உயிர். காய்ச்சலைத் தனியே பிரித்து அனுப்பும் வழி இன்னும் கண்டுபிடிக்கப்படாததால், வேரோடும் மண்ணோடும் அனுப்புவதே முறை என்று முடிவாயிற்று. கர்த்தாவி ஒரு கயிறு கொண்டுவந்து சவுதாவை நெட்டுக்கும் அகலத்துக்கும் அளந்தான். பெட்டி செய்யும் உத்தரவு வங்சாவுக்கு வந்தது.

வங்சா உளியைக் கையில் எடுப்பான், கீழே வைப்பான். பலகையில் முடிச்சு இருக்கிறது, இந்தக் கண்ணாடி கீறல், லப்பத்துக்கு எண்ணெய் பத்தவில்லை என்று நாளைக் கடத்தினான். எவ்வளவு நாள்தான் கடத்துவது?

"லப்பம் நீங்கதானே வைப்பீங்க?" என்றாள் சவுதா, போர்வைக்குள்ளிருந்து. "எம் மூஞ்சிக்கு நேரா கொஞ்சம் வைக்காம விடுங்க. கடலையாவது பாத்துக்கிட்டுப் போறேன்."

"கேலி பண்ணாத புள்ள. எனக்கு அழுகையா வருது."

"அழுதுட்டு வேலையைப் பாருங்க. பெட்டி கோணலா இருந்தா எனக்குத்தான் கேவலம்."

அவளைக் காப்பாற்றியது கவர்னர். அவருக்கே அது தெரியாது. தன் பெயரிலுள்ள மரத்தைப் பார்க்க வான் துல்கன் தலைநகர் பத்தாவியாவிலிருந்து புறப்பட்டுவிட்டார் என்று சேதி வந்ததும், பெட்டி, காய்ச்சல், ஆர்க்கிட் எல்லாம் ஓரமாகத் தள்ளப்பட்டன. பாதைக்கு வெள்ளை மணல் போட்டார்கள். கொட்டு முழக்குகிறவர்களை வரவழைத்தார்கள். வாசலுக்கு நேரே முன்வரிசையில் புதிதாக நட்டிருந்த எட்டுக் கன்றுகளுக்குக் கர்த்தாவி பயத்தில் வேளைக்கு வேளை தண்ணீர் ஊற்றினான். அதில் வேர் அழுகி, கவர்னர் வருவதற்கு இரண்டு நாள் முன்னால் முன்வரிசை முழுவதும் செத்துப்போயிற்று.

துரை அப்போது கவர்னரை எதிர்கொள்ள அடிவாரத்துக்குப் போயிருந்தார். கர்த்தாவி தலையில் கையை வைத்துக்கொண்டான். பிறகு தோட்டத்து வழக்கப்படி யோசித்தான். பலகை இருக்கிறது. பலகைக்குப் பின்னால் பச்சையாக ஏதாவது நின்றால் போதும். மலையிலுள்ள கவர்னர் மரங்கள் பெயர்க்க முடியாத அளவுக்கு வளர்ந்திருந்தன, நாற்றுகளோ முழ உயரம்கூட இல்லை. எருக்குழிக்குப் பின்னால் தோள் உயரத்தில் எட்டு நின்றன. வேரோடு தூக்கிவந்து முன்வரிசையில் நட்டு மண்ணை மிதித்துவிட்டான்.

கவர்னர் குதிரையிலிருந்து இறங்கி, முதல் பலகையில் தன் பெயரைப் படித்து, அதன் பின்னால் நின்ற லட்சணமில்லாத செடியைத் தந்தையின் கனிவோடு பார்த்தார். பிறகு கூலிக்காரர்களைப் பார்த்துப் பேசினார்.

"என் பிள்ளைகளே! உங்களுக்குக் காப்பி கொடுத்தது யார்? நாங்கள். நீங்கள் நட்டீர்கள், நீங்கள் பறித்தீர்கள், நாங்கள் குடித்தோம். அந்தக் கஷ்டத்தை நாங்கள் ஏற்றுக்கொண்டோம். இப்போது மருந்தும் கொடுக்கிறோம். பதிலுக்கு எதுவும் கேட்கவில்லை, நிலத்தைத் தவிர. எங்கே ஒரு நோயாளி?"

நோயாளி என்று அந்த மலையில் பலகை போட்ட ஆள் ஒருத்திதான். சவுதாவை நாற்காலியோடு தூக்கிவந்தார்கள். தன் காய்ச்சலுக்கு ஆபத்து என்று துரைக்கு உள்ளூர உறைத்தது. ஆனால் கவர்னர் ஏற்கெனவே வெள்ளிக் கத்தியை எடுத்து முதல் செடியில் பட்டை உரித்துக்கொண்டிருந்தார். காய்ச்சிக் கொடுத்ததும் சவுதா ஒரு வாய் குடித்து அலறினாள்.

"அய்யய்யோ, விஷம்! குடலைப் பிடுங்குதே இந்தக் கசப்பு!"

"குடி, குடி" என்றார் கவர்னர். அவர் காட்டெருமை வேட்டைக்காக ஒரு வாரம் தங்கினார். தினமும் வேட்டைக்குப் போகுமுன் பட்டை உரித்துக் கொடுப்பதை ஒரு விளையாட்டாகவே வைத்துக்கொண்டார். முதல் செடி மொட்டையாகிச் செத்தது. சவுதாவுக்கு முறை நாள் வந்தது, காய்ச்சல் வரவில்லை. அடுத்த முறையும் வரவில்லை. பீரங்கி வெடித்தார்கள். கவர்னர் டெ ரோய் துரையின் மார்பில் பதக்கம் குத்தினார். துரை வங்சாவின் வாசலிலிருந்த பலகையைத் தொப்பியைக் கழற்றிக்கொண்டு தன் கையாலேயே பிடுங்கினார். ஒரு கண் சிரித்தது, இன்னொரு கண் ஆர்க்கிட்டுக்காகக் கலங்கியது.

வங்சா அன்று கவர்னர் போன திசையைப் பார்த்து மண்ணைத் தொட்டுக் கும்பிட்டான். அவன் சந்தோஷத்துக்கு அளவே இல்லை.

காய்ச்சல் போனால் என்ன, அதைப் போக்கிய மரத்தைக் கொடுங்கள் என்று ஆங்கிலேயர் தோட்டம் கேட்டது. பேசிய இருபது ஆர்க்கிட்டை அப்படியே தருகிறோம் என்றது. துரை வங்சாவையும் கர்த்தாவியையும் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"நம்ம கவர்னர் மரத்தை அவனுக்குக் குடுப்போமா? மாட்டோம். எருக்குழிக்குப் பின்னால அவன் அனுப்பின குப்பை இருக்குல்ல, அதைக் கவாத்து பண்ணி, கவர்னர் பலகையை மாட்டி அவனுக்கே அனுப்பு. பத்து வருஷம் தண்ணி ஊத்தி வளத்துட்டு வாயில விரலை வைக்கட்டும்."

கர்த்தாவி சாத்திய கதவைத் திரும்பிப் பார்த்தான். "துரை, அந்தச் செடி... அங்க இல்ல."

"எங்க?"

"முன்வரிசையில."

எல்லாவற்றையும் சொல்லி முடித்து அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். துரை எழுந்தார். ஜன்னல் வழியே மலை முழுவதும் நின்ற மரங்களைப் பார்த்தார்.

"துரை" என்றான் வங்சா. அவனுக்கு மெல்லத்தான் விளங்கியது. "அப்ப எம் பொண்டாட்டி பொழைச்சது அந்தக் குப்பைச் செடியிலயா? அது நம்மகிட்டயே இருக்கா? அப்ப அதையே மலை முழுக்க நட்டுட்டா, ஊர்ல எல்லாருமே..."

"உக்காரு வங்சா" என்றார் துரை. இத்தனை வருஷத்தில் அவர் அவனை உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை. "காய்ச்சல்ல ஒரு ஆளு செத்தா ஒரு ஆளுதான் சாவான். பத்து லட்சம் மரம் தப்புன்னு ஆச்சுன்னா கவர்னர் பேரு சாவும். இந்தப் பதக்கம் சாவும். அப்புறம் தோட்டமே சாவும். தோட்டம் செத்துப்போனா உங்க காய்ச்சலுக்கு யாரு மருந்து குடுப்பா? யோசிச்சுப் பாரு."

வங்சா யோசித்துப் பார்த்தான். எங்கேயோ இடித்தது, எங்கே என்று பிடிபடவில்லை.

"அது வெறும் குப்பையா இருந்தா இங்கயே கெடந்துட்டுப் போகட்டும்னு விட்டிருப்பேன்" என்றார் துரை, ஏறக்குறைய பாசத்தோடு. "மருந்தா இருக்கறதாலதான் இங்க இருக்கக் கூடாது. மிச்சமிருக்கிற ஏழு செடியையும் பெட்டியில போடு. நீயே லப்பம் வை."

வங்சா ஏழு செடியையும் முழ உயரத்துக்குக் கவாத்து செய்து பெட்டிக்குக் கொண்டுபோனான். அதுவரை அவன் தோட்டத்தில் ஒரு மிளகாய்கூடத் திருடியதில்லை. ஏழாவதை மடித்த வேட்டிக்குள் வைத்துக்கொண்டு, அதன் குழியில் ஒரு கவர்னர் மரத்து நாற்றை ஊன்றி, கண்ணாடியை மூடி லப்பத்தை அழுத்தினான். செடியை வீட்டுக் கொல்லையில் மிளகாய்க்கும் மஞ்சளுக்கும் நடுவே நட்டான். எல்லாச் செடிகளும் செழிப்பாக வந்து சேர்ந்தன என்று சில மாதத்தில் ஆங்கிலேயர் தோட்டத்திலிருந்து நன்றி வந்தது. முதல்முறையாக அது உண்மை. துரை வழக்கம்போல் நம்பவில்லை.

அடுத்த வருஷத்து மழை ஓய்ந்ததும் சவுதாவுக்குக் காய்ச்சல் திரும்பியது. செடி அப்போது இடுப்பு உயரம் வந்திருந்தது. தண்டின் ஒரு பக்கத்தில் மட்டும் விரலகலம் பட்டை உரித்து, தேங்காய்ச் சிரட்டையில் அவளுக்குக் கொடுத்தான். கண்ணில் நீர் வரக் குடித்தாள். இரண்டு முறை வந்த காய்ச்சல் மூன்றாம் முறைக்கு வரவில்லை. அதன் பிறகு தலைகாட்டினால் கொஞ்சம், விட்டால் ஓய்வு என்று செடியும் அவளுமாக ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு காலம் தள்ளினார்கள்.

கர்த்தாவி ஒரு நாள் கொல்லைப் பக்கம் வந்தான். "இதென்னடா செடி?"

"பேரு தெரியாது அண்ணே."

"பேரே இல்லையா?" என்று கர்த்தாவி சற்று உற்றுப் பார்த்தான். அவனுக்குத் தெரிந்துவிட்டது என்று வங்சாவுக்குத் தெரிந்தது. "பேரு இல்லாதது எதுவும் தோட்டத்துச் சொத்து ஆகாது. எனக்கும் ரெண்டு மகளுங்க இருக்கு. பாத்துக்க" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அப்போதுதான் டெ ரோய் துரைக்கே முறைக்காய்ச்சல் வந்தது.

அவர் கலங்கவில்லை. கவர்னர் மரத்துப் பட்டையை மூன்று வேளையும் வராந்தாவில் உட்கார்ந்து எல்லோரும் பார்க்கக் குடித்தார். வேலைக்காரர்கள் பார்க்காதபோது பிரம்பு நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு நடுங்கினார். கோட்டு தொளதொளத்து, பதக்கம் வயிற்றுக்கு இறங்கிவிட்டது. தன் மரம் அதை வளர்த்தவரையே காப்பாற்றும் காட்சியைக் காண கவர்னர் தன் சொந்த டாக்டரை அனுப்பிவைத்தார். டாக்டர் வான் லென்னெப் வந்து எதிரே உட்கார்ந்து ஜின் குடித்தபடி குணமாவதற்காகக் காத்திருந்தார்.

"ஒரு சிரட்டை கொண்டு போய்க் குடுங்க" என்றாள் சவுதா.

"அந்த ஆளுக்கா? உன்னைப் பெட்டியில வச்சு அடைக்கப் பாத்தவரு."

"அடைக்க வேண்டிய கை உங்களோடதுதான். உங்களுக்குச் சோறு போடலையா நான்? நடுங்குற மனுஷன், குடுங்க. அந்த நடுக்கம் எனக்குத் தெரியும்."

வங்சா கொண்டுபோனான். துரை வழக்கமான கஷாயம் என்று நினைத்து ஒரு மடக்கு விழுங்கினார். விழி பிதுங்கியது. நாக்கை மடக்கிக்கொண்டு வங்சாவை நிமிர்ந்து பார்த்தார். வங்சா தரையைப் பார்த்தான். துரை மிச்சத்தையும் ஒரே மூச்சில் குடித்துவிட்டு டாக்டர் பக்கம் திரும்பினார்.

"கவர்னர் மரம்! என்ன வீரியம் பாத்தீங்களா?"

அதிலிருந்து தினமும் ஒரு சிரட்டை போயிற்று, அடுத்த முறைக்குக் காய்ச்சல் பாதியாகத்தான் வந்தது. டாக்டர் உடனே கவர்னருக்குத் தந்தி அனுப்பினார். இன்னும் ஐந்து லட்சம் மரம் நடுவது என்று மறுநாள் மாலையே தீர்மானமாயிற்று. அதற்குப் போதிய இடம் கீழ்க்கிராமத்தில் இருந்தது, கிராமம் மட்டும் கொஞ்சம் நகர வேண்டும். துரை வங்சாவைத் தனியே இழுத்துக் காதோடு சொன்னார். "நாளைக்கும் கொண்டு வா. நாளன்னிக்கும். எங்க வச்சிருக்கன்னு கேக்க மாட்டேன். எவ்வளவு இருக்கோ எல்லாத்தையும் கொண்டு வா."

வங்சா கொல்லைக்கு வந்து செடியின் முன்னால் குந்தினான். தண்டில் இன்னும் ஒரு கையளவு பட்டைதான் பாக்கி. அதையும் உரித்தால் கவர்னர் கைபட்ட முதல் செடி போன வழியில் இதுவும் போய்விடும். சவுதாவுக்கு நேற்றே கண் எரிச்சல் ஆரம்பித்திருந்தது. நாளைக்கு அவளுக்கு முறை.

"ரெண்டு பேருக்குப் பத்தாது புள்ள. கொண்டு போகலைன்னா எம் முதுகுத் தோலை உரிப்பாரு. கொண்டு போனா நீ..." அவன் தண்டைத் தடவினான்.

சவுதா யோசித்தாள். "எந்த மரத்தோட பட்டைன்னு அவருக்குத் தெரியுமா?"

"நல்லாத் தெரியும்."

"அப்ப அவருகிட்டயே கேளுங்க. எந்த மரம் வேணும்னு வாய்விட்டுச் சொல்லட்டும். நம்ம செடிதான்னு எல்லாருக்கும் முன்னால சொல்லிட்டாருன்னா வேரோட பிடுங்கிக் குடுத்துட்டு வாங்க. நான் பாத்துக்கறேன். அப்படிச் சொல்லிட்டா ஊரே பொழைச்சுப் போயிரும்."

மறுநாள் காலை வராந்தா நிறைந்திருந்தது. டாக்டர், பக்கத்துத் தோட்டங்களின் துரைமார், அவர்கள் மனைவிமார், படம் வரைய ஒருவர் என்று கூட்டம். டெ ரோய் துரை கம்பளிக்குள் சுருண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, வழியையே பார்த்துக்கொண்டிருந்தார். வங்சா வெறுஞ்சட்டியோடு வந்து படிக்குக் கீழே நின்றான்.

"துரை, பட்டை இன்னும் எடுக்கல. எந்த மரத்துல எடுக்கட்டும்?"

துரை கம்பளியைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார்.

"எந்த மரமா?" என்று டாக்டர் சிரித்தார். "இதென்ன கேள்வி? வேற மரம்கூட இருக்கா இங்க?"

"நேத்து எடுத்த மரத்துல எடு" என்றார் துரை அவசரமாக.

"நேத்து எடுத்தது எந்த மரம்னு துரை வாயால சொல்லிட்டா, அதையே எடுத்துட்டு வந்துடறேன்."

எல்லோரும் துரையைப் பார்த்தார்கள். படக்காரர் பென்சிலை நிறுத்தினார். சொல்லிவிடுவார் என்று வங்சா ஒரு கணம் நம்பினான். அவர் உதடு அதற்கேற்றபடி பிரிந்தும் இருந்தது. அப்படிச் சொல்லியிருந்தால் ஓடிப்போய்க் கொண்டுவந்திருப்பான். துரையின் பார்வை டாக்டரிடம் போயிற்று, மலைச்சரிவுக்குப் போயிற்று, கடைசியில் வயிற்றருகே தொங்கிய பதக்கத்தில் வந்து நின்றது.

"கவர்னர் மரத்துல" என்றார்.

"நிச்சயமாவா துரை?"

"கவர்னர் மரத்துலதான்டா, முட்டாளே!"

வங்சா தலை வணங்கினான். எல்லோரும் பார்க்க, முன்வரிசைக்கு அடுத்தாற்போல் பலகையும் கவர்னர் பெயரும் சரியாக நின்ற பெரிய மரத்தில் முழங்கை நீளத்துக்குப் பட்டை உரித்தான். அங்கேயே அடுப்பு மூட்டிச் சுண்டக் காய்ச்சினான். கஞ்சத்தனம் செய்யவில்லை. துரைக்குப் பெரிய கோப்பையில் விளிம்பு தொட ஊற்றிக் கொடுத்துவிட்டு, சவுதாவுக்கு நேரமாகிறதென்று வீட்டைப் பார்க்க நடந்தான்.

துரை கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக் கடைசிச் சொட்டு வரை குடித்தார்.

"ரொம்பக் கசப்போ?" என்று கேட்டார் டாக்டர்.

"ரொம்ப" என்றார் துரை. வாழை மட்டைத் தண்ணீரை விழுங்கிவிட்டு, படக்காரர் வரைந்து முடிக்கிறவரை முகத்தைச் சுளித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.